புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தாதீர்கள்

"புள்ளி மறைந்தால் சரியாகிவிட்டது, மருந்தை நிறுத்திவிடுங்கள்" என்றார் எனக்குத் தொட்டி மீன் விற்றவர். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. மீனின் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும் வெண்புள்ளி நோய்க்கு இதைவிடக் கெட்ட யோசனை கிடையாது.

அவர் சொன்னபடியே நடந்தது. சில நாட்களில் புள்ளிகள் காணாமல் போயின, மருந்தும் நின்றது. பிறகு முன்பைவிட அடர்த்தியாகத் திரும்பி வந்தன. ஏஞ்சல் மீன்களின் துடுப்பெங்கும் பொடியுப்பு தூவியதுபோல் இருந்தது. செவுள் படபடக்க, நீர்மட்டத்தில் வாயைத் திறந்தபடி மூச்சுக்குத் தவித்தன. இரண்டு இறந்தே போயின.

அந்தப் புள்ளிகள் மீனின் தோலுக்கடியில் இருந்து தின்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள். அங்கே இருக்கும்வரை நாம் ஊற்றும் மருந்து அவற்றை எட்டாது. கொழுத்தபின் தாமாகவே உதிர்ந்து, சரளையில் ஒட்டி, உறைக்குள் நூற்றுக்கணக்கில் பெருகுகின்றன. வெளியே வந்து அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் மருந்துக்குச் சாகும். ஆக, புள்ளி மறையும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம்.

மறுபடி அவரிடம் போனது வீண் அலைச்சல். "இன்னும் வீரியமானது" என்று வேறொரு புட்டியை நீட்டினார். பொடி எழுத்தைப் படித்தேன்: செம்பு கலந்தது. என் தொட்டியில் இறால்கள் இருக்கின்றன. செம்பு பட்டால் அவை பிழைக்காது. வாங்காமல் திரும்பினேன். இறால்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

முன்பு ஊற்றிய பழைய மருந்தான மாலகைட் கிரீன் என்ற பச்சைச் சாயத்திலும் ஒரு சிக்கல். மாலையில் ஊற்றினால் விடிவதற்குள் நீரின் பச்சை நிறம் வெளுத்துவிடும். ஃபில்டரிலிருந்த கரிதான் மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. கரியை எடுத்துவிடச் சொல்லி அந்தப் புட்டியில் ஒரு வரிகூட இல்லை! எடுத்தபின் நிறம் நின்றது. கிளவுன் லோச் மீன்கள் இந்த மருந்தை முழு அளவில் தாங்காது என்பதால் அவற்றையும் இறால்களையும் தனித்தனித் தொட்டிகளுக்கு மாற்றி, லோச்சுகளுக்குப் பாதி அளவு மருந்து கொடுத்தேன். இறால் தொட்டிக்கு மருந்தே இல்லை. மீன் கிடைக்காவிட்டால் ஒட்டுண்ணி தானே செத்துவிடும்.

ஹீட்டரை ஒரேயடியாகத் திருப்பாமல் மெல்ல மெல்ல 30 டிகிரிக்குக் கொண்டுபோனேன். சூடு ஏறினால் ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாகி மருந்துக்குச் சீக்கிரம் அகப்படும். ஆனால் வெந்நீரில் ஆக்சிஜன் குறைவு. ஏர் பம்ப் இரவிலும் ஓடவேண்டும். சரளையைக் குழாய் வைத்து உறிஞ்சி, அடியில் கிடந்த உறைகளையும் வெளியேற்றினேன். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் மருந்தை விடவில்லை. இம்முறை திரும்பவில்லை.

புள்ளிக்காகக் காத்திருக்க வேண்டாம். மீன் கல்லில் உடம்பைத் தேய்த்தாலோ துடுப்பை ஒடுக்கிக்கொண்டாலோ உடனே கவனியுங்கள். நோய் முதலில் செவுளைத்தான் பிடித்திருக்கலாம். டார்ச் ஒளியில் பொன்துகள் படிந்ததுபோல் மின்னினால் அது வெல்வெட் நோய், வைத்தியம் வேறு. புதுமீன்களைச் சில வாரங்களாவது தனியே வையுங்கள். ஈர வலையை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். விற்றவர் ஒரே வலையைத்தான் எல்லாத் தொட்டிகளிலும் விட்டுக்கொண்டிருந்தார்.