புண்ணின் விளிம்புக்கு அப்பால்

காலில் ஆறாத புண்ணோடு ஒருவர் வரும்போது, மருத்துவரின் கண் முதலில் போவது புண்ணின் நடுப்பகுதிக்குத்தான். ஆனால் அழற்சியால் உண்டாகும் புண்களில், குறிப்பாகப் பையோடெர்மா கேங்கிரினோசம் என்னும், கிருமியால் அல்லாமல் அழற்சியால் தோலில் விரியும் புண்நோயில், நோய் வேகமாக முன்னேறும் இடம் விளிம்பு. பல வேளைகளில் விளிம்பையும் தாண்டி, பார்வைக்குக் குறையொன்றும் தெரியாத தோலுக்கு அடியில் அது பரவியிருக்கும். ஆகவே அல்ட்ராசவுண்ட் செய்யும்போது நான் ஒலியலைகளை அனுப்பும் கைக்கருவியான புரோபைப் புண்ணின் மேல் நேராக வைப்பதில்லை. நல்ல தோலில் தொடங்கி விளிம்பை நோக்கி மெல்ல நகர்த்துவேன்.

வயிற்றை ஆராயப் பயன்படும் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தோலுக்குப் பயன்படா. இங்கே 15 மெகாஹெர்ட்ஸாவது வேண்டும். அதிர்வெண் கூடக்கூட நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். 70 மெகாஹெர்ட்ஸ் புரோப் மேற்பரப்பை மிகத் தெளிவாகக் காட்டினாலும், அழற்சி கொழுப்படுக்கில் இருந்தால் அதைத் தவறவிட்டுவிடும். புண் எத்தனை ஆழம் போயிருக்கும் என்ற ஊகம் முன்கூட்டியே இருந்தால்தான் எந்தப் புரோபை எடுப்பது என்று முடிவு செய்ய முடியும்.

நலமான தோலைத் திரையில் பார்த்தால் மேல்தோல் ஒரு வெண்கோடாகவும், உள்தோல் அதைவிடச் சற்று மங்கிய பட்டையாகவும், கொழுப்பு வெண்ணிற இழைகள் ஊடோடும் கரிய அடுக்காகவும் தெரியும். அழற்சி வந்தால் இந்த ஒழுங்கு குலைகிறது: உள்தோல் தடித்துக் கருக்கிறது, கொழுப்போ வெளுத்து, அதன் இடைவெளிகளில் நீர் தேங்குகிறது. இரத்த ஓட்டத்தை நிறங்களாகக் காட்டும் டாப்ளர் முறையைப் போட்டால் விளிம்பைச் சுற்றி இரத்த ஓட்டம் மிகுந்திருப்பதைக் காணலாம். கருநிறத் தோலில் சிவப்பைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். தோலின் நிறம் டாப்ளருக்கு ஒரு பொருட்டே அல்ல. இந்தச் சோதனையின் மிகப் பெரிய நன்மை இதுவே என்பது என் கருத்து.

இவையெல்லாம் கையின் பக்குவத்தைப் பொறுத்தவை. புரோபைச் சிறிது அழுத்தினாலும் நுண்குழாய்கள் நசுங்கி, திரையில் இரத்த ஓட்டமே இல்லாததுபோல் தோன்றும். அதனால் ஜெல்லைத் தாராளமாக இட்டு, புரோப் தோலைத் தொட்டும் தொடாமலும் அந்த ஜெல்லின் மேல் மிதக்கும்படி பிடிக்க வேண்டும். டாப்ளரின் வேக அளவையும் குறைத்து வைக்க வேண்டும். திறந்த புண்ணாயின் கிருமி நீக்கிய உறையும் ஜெல்லும் கட்டாயம். வலி மிகுந்த புண்களில் இந்த மென்மை நோயாளிக்கும் ஆறுதல்.

காரணத்தை மட்டும் இந்தப் படம் சொல்லாது. கிருமித்தொற்றிலும் உள்தோல் தடிக்கும், இரத்த ஓட்டம் பெருகும். பையோடெர்மா கேங்கிரினோசம் என்று முடிவு செய்யுமுன் தொற்று, இரத்தக்குழாய் அழற்சி, புற்றுநோய் ஆகியவற்றை விலக்க வேண்டும். அதற்கு விளிம்பிலிருந்து எடுக்கும் திசுப் பரிசோதனையும் கிருமி வளர்ப்புச் சோதனையும் தேவைப்படுகின்றன. காலின் சிரைகளும் தமனிகளும் எப்படி உள்ளன என்பதை அதே கருவியைக் கொண்டே பார்த்துவிடலாம் என்பது ஒரு வசதி.

இந்நோயில் காயம்பட்ட இடத்தில் புண் பெருகும் இயல்பு உண்டு. அழற்சி அடங்குமுன் இறந்த திசுவை அகற்றுவதாக எண்ணித் தாராளமாக வெட்டினால் புண் இன்னும் விரியலாம். மருந்தைக் குறைக்கும் கட்டத்திலும் இதே கவனம் வேண்டும். ஸ்டீராய்டு தொடங்கியபின் வலி தணிந்து மேற்பரப்பு உலர்ந்துவிட்டாலும், விளிம்புக்கு அடியில் கரிய பட்டையும் டாப்ளர் நிறங்களும் நீடித்தால், அளவைக் குறைப்பதில் நான் அவசரப்படுவதில்லை.

முன்னைய படத்தோடு ஒப்பிட வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் அதே புரோப், அதே அமைப்பு, அதே இடம் இருக்க வேண்டும். விளிம்பைக் கடிகார முகமாகக் கொண்டு, எத்தனை மணித் திசையில் பார்த்தோம் என்று குறித்துக்கொள்வது எளிது. மறுகாலின் அதே பகுதியையும் ஒருமுறை படமெடுத்து வைத்தால், அந்த நோயாளிக்கு இயல்பான தடிமன் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.