ஷிராஸ் ருசிப் பதிவு: மிளகு வாசனை எங்கிருந்து வருகிறது?

ஒரே திராட்சையை வேறு வேறு ஊரில் வளர்த்தால் ஒயின் எவ்வளவு மாறும்? அதைப் பார்க்கத்தான் இந்தச் சுற்று. ஷிராஸ் என்பது சிவப்பு ஒயினுக்கான ஒரு கருந்திராட்சை வகை; தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா, ஆஸ்திரேலியாவிலேயே விக்டோரியாவின் கிராம்பியன்ஸ், நம்ம நாசிக் என்று மூன்று ஊர் ஷிராஸ். முதல் இரண்டும் மெல்போர்னிலிருந்து வந்த மச்சினன் கொண்டுவந்தவை. சுங்க வரியில்லாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர்தான் அனுமதி என்பதால் அதற்கு மேல் கேட்க வழியில்லை.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கச் சொல்வார்கள். அந்த அறை ஐரோப்பாவில் இருக்கிறது! பாளையங்கோட்டையில் சித்திரை மாதத்து அறையில் வைத்தால் சாராய நெடிதான் மூக்கில் ஏறும். பிரிட்ஜில் வைத்து, தெர்மாமீட்டர் 17 டிகிரி காட்டியதும் எடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும்; பேசிக்கொண்டிருக்கும்போதே சூடாகிவிடுகிறது.

பரோசா கருகருவென்று இருந்தது. நன்றாகக் கனிந்த நாவல்பழம், கொஞ்சம் சாக்லேட், வாயை நிறைக்கும் கனம். லேபிளில் ஆல்கஹால் 14.5 சதவீதம். வறண்ட, வெயில் மிகுந்த கோடையில் பழம் பழுக்கும்போது சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. அங்கே 1843இல் நட்ட கொடிகள் இன்னும் காய்க்கின்றன. ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்செரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் வராததுதான் காரணம்.

கிராம்பியன்ஸ் பாட்டிலைத் திறந்ததும் மிளகு. பக்கத்தில் மிளகை நுணுக்கி வைத்து மாற்றி மாற்றி மோந்து பார்த்தேன், சந்தேகமே இல்லை. 2008இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதற்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருளைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். மிளகிலும் இருப்பது அதேதான். குளிர்ந்த இடத்தில் விளைந்த பழத்தில் இது அதிகம். பழம் சூடேறினால் குறைந்துபோகும். கிராம்பியன்ஸில் ஒரே தோட்டத்துக்குள்ளேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். தெற்கு பார்த்த சரிவில் மிளகு தூக்கல். தென் அரைக்கோளத்தில் அந்தப் பக்கம் வெயில் குறைவு அல்லவா!

மச்சினனுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. “மிளகா? எங்கத்தான்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்த ஆராய்ச்சியிலேயே ஐந்தில் ஒருவருக்கு ரோட்டண்டோன் வாசனை பிடிபடவில்லை.

நாசிக் நடுவில் நிற்கிறது. அங்கே புரட்டாசி, ஐப்பசி வாக்கில் கவாத்து செய்து, குளிர்காலத்தில் பழுக்கவிட்டு, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அறுக்கிறார்கள். கோடையைத் தள்ளி வைத்த கெட்டிக்காரத்தனம். மிளகு லேசாகத் தலைகாட்டியது, ஆனால் ருசி நாக்கில் தங்கவில்லை. விலைக்குப் பரவாயில்லை.

உடன்குடிக் கருப்பட்டியின் ருசிக்குத் தேரி மண்ணை (செம்மணலை) காரணம் சொல்லும் ஊர்க்காரன் என்பதால் நானும் மண்ணைத்தான் முதலில் நினைத்தேன். படித்தும் குடித்தும் பார்த்தபின், ஷிராஸைப் பொறுத்தவரை வெயிலுக்குத்தான் முதலிடம் தருவேன். மண்ணின் வேலை பெரும்பாலும் தண்ணீர் வழியாக நடக்கிறது. ஈரம் நிற்கும் மண்ணில் கொடி தழைத்து, குலைக்கு நிழல் விழும். வறண்ட மண்ணில் இலை குறைந்து பழம் வெயிலில் காயும்.

“அப்போ நம்ம மாஞ்சோலை மலையில போட்டா என்ன அத்தான்?” என்றான் மச்சினன். குளிர்ச்சி இருக்கிறது, சரி. இரண்டு பருவ மழையும் அடிக்கும் இடத்தில் பூஞ்சணத்தை யார் பார்ப்பது? கொடி இலையுதிர்த்துத் தூங்குகிற அளவுக்கு நமக்குக் குளிர்காலமும் கிடையாது.

அடுத்து பிரான்சின் வடக்கு ரோன். ஷிராஸுக்கு அதுதான் பிறந்த வீடு, அங்கே பெயர் சிரா. அங்கே பேர்போன எர்மிட்டாஜ் ஒயினின் விலை நமக்குக் கட்டாது. பக்கத்து ஊரான குரோஸ்-எர்மிட்டாஜ் பாட்டில் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்த முறை மச்சினனுக்குப் பதில் அக்கா. ரசத்தில் மிளகு பத்தாவிட்டால் வாசலிலேயே சொல்லிவிடும் மூக்கு அவளுக்கு. குடிக்க மாட்டாளாம், மோந்து மட்டும் பார்ப்பாளாம்.