புது வீட்டுக்கு முதற் சோலைவரி

சென்ற ஆவணியில் குடிபூரல் முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகைக்கு எடுத்த கதிரைகளைத் திருப்பி அனுப்பியதோடு வீடு கட்டும் அலுவல்கள் எல்லாம் முடிந்துவிட்டன என்றே நானும் மனைவியும் நினைத்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில், தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே அம்மா கேட்டார்: "தம்பி, வீட்டைப் பதிஞ்சனியே? சோலைவரி ஆற்றை பேரிலை வரப்போகுது?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வெறுங்காணியாகக் கிடந்த காலத்தில் வந்த சிறிய தொகையை யாராவது போய்க் கட்டிவிட்டு வருவோம். பற்றுச்சீட்டில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்த்ததேயில்லை.

அலுவலகக் கடிதங்களில் ஆதனவரி என்று எழுதப்படுவதைத்தான் எங்கள் வீட்டில் இன்றும் சோலைவரி என்கிறோம். இலங்கையில் மாநகர சபைகள் 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழும், நகர சபைகள் 1939ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழும், பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் இதை அறவிடுகின்றன. பிரதேச சபை எல்லைக்குள், அபிவிருத்தியடைந்தவை எனப் பிரகடனம் செய்யப்பட்ட பகுதிகளுக்கே இந்த வரி உண்டு.

புது வீடு கட்டியவர்களிடம் நான் அதிகம் கண்ட தவறான எண்ணம், வீட்டுக்குச் செலவழித்த பணத்தைப் பார்த்துத்தான் வரி போடுவார்கள் என்பது. ஒன்றரைக் கோடி செலவானது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் வரி ஏறிவிடும் என்று பயந்து, அளக்க வருபவரிடம் வாயே திறக்காதவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் வரிக்கு அடிப்படையாவது வருடாந்தப் பெறுமதி, அதாவது அந்த வீட்டை வாடகைக்குக் கொடுத்தால் ஒரு வருடத்துக்கு நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய தொகை. அதில் சபை தீர்மானித்த வீதமே வரியாகிறது. ஒரு பேச்சுக்கு, வருடாந்தப் பெறுமதி 60,000 ரூபாய், வீதம் நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால், வருட வரி 6,000 ரூபாய், காலாண்டுக்கு 1,500 ரூபாய். முழு வருடத்துக்குமானதை ஜனவரி 31ஆம் திகதிக்குள் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு கிடைக்கும். காலாண்டுக் கட்டணத்தை அந்தக் காலாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் நூற்றுக்கு ஐந்து. கட்டாமல் விட்டால் நிலுவையோடு அறவிடும் செலவும் சேரும். வீட்டுச் சாமான்களைக் கைப்பற்றவும், அதுவும் போதாதபோது ஆதனத்தையே விற்கவும் சட்டத்தில் இடமுண்டு. வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே நான்கு இருக்கின்றன. அவற்றின் படலைகளில் செருகப்பட்ட அறிவித்தல்கள் மழையில் நனைந்து ஊறிக் கிடப்பதைக் காணும்போது, ஊரில் இருக்கும் ஒரு சொந்தக்காரரிடமாவது இந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடக் கூடாதா என்று மனம் அடித்துக்கொள்கிறது.

காணி உறுதியின் பிரதி, நில அளவைப் படம், கட்டட அனுமதி, வேலை முடிந்தபின் பெற்ற குடிபுகு சான்றிதழ் ஆகியவற்றோடு நானே சபைக்குப் போய், வீட்டை வரி ஏட்டில் சேர்க்க விண்ணப்பித்தேன். சில நாள்களில் ஓர் உத்தியோகத்தர் அளவுநாடாவோடு வந்து, அறைகளையும் விறாந்தையையும் அளந்து, எழுதிக்கொண்டு போனார். பிறகு வந்த மதிப்பீட்டு அறிவித்தலில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடி இருப்பதாகக் குறித்திருந்தது. மேலே இருப்பது தண்ணீர்த் தாங்கியும் அதைத் தாங்கும் நாலு தூணும் மட்டுமே. அறிவித்தலில் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தேன். வேறோர் உத்தியோகத்தர் வந்து, ஏணியில் ஏறித் தாங்கியைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திருத்திக் கொடுத்தார். அந்த நாள் தவறியிருந்தால், இல்லாத மாடிக்கு அடுத்த மதிப்பீடு வரையில் வரி கட்டியிருப்பேன். ஆகவே அறிவித்தலைக் கண்டவுடன் தொகையை மட்டும் பார்க்காமல் விவரம் முழுவதையும் வாசியுங்கள்.

என்னை உலுக்கியது தொகையல்ல, பெயர். வரி ஏட்டில் எங்கள் காணிக்கு எதிரே இருந்தது அம்மாவின் பேரனாரின், அதாவது அம்மம்மாவின் தகப்பனாரின் பெயர். நான் பிறக்கும் முன்னரே காலமானவர் அவர். அந்த மூன்று பரப்புக் காணியும் அவரிடமிருந்து அம்மம்மாவுக்குச் சீதனமாகப் போய், அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. இரண்டு உறுதிகளும் முறைப்படி பதியப்பட்டிருக்கின்றன. ஆனால் சபைக்குப் போய்ச் சொன்னவர் எவருமில்லை. எழுபது வருடங்களுக்கு மேலாகப் பெண்கள் இருவர் ஆண்டு அனுபவித்த காணிக்கு, அவர்களே வரியும் கட்டி, பற்றுச்சீட்டை மட்டும் இறந்துபோன ஓர் ஆணின் பெயரில் வாங்கியிருக்கிறார்கள். கட்டட அனுமதிக்காக நிலுவையைத் தீர்த்தபோதும் நான் அதைக் கவனிக்காதது என் பிழை.

அம்மாவின் றங்குப்பெட்டியில் அந்தப் பற்றுச்சீட்டுத் துண்டுகள் இருக்கின்றன. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தின் வலிகாமமே போரால் இடம்பெயர்ந்த இரவில், செம்மணி வீதியில் சனத்தோடு சனமாக நடந்தபோது, உறுதிகளோடு சேர்த்து ஒரு பொலித்தீன் பையில் சுற்றி அவர் இடுப்பில் செருகியிருந்தவை அவை. அவற்றில் கடைசித் துண்டு 1994ஆம் ஆண்டுக்குரியது. ஊதாக் காபன் எழுத்துகள் மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் அழிந்திருக்கின்றன. மறுவருடம் திரும்பி வந்தபோது கூரை, கதவு, நிலை, யன்னல், வேலி எதுவுமே மிஞ்சியிருக்கவில்லை. வரித் துண்டு உரித்தை நிறுவாது. உரித்துக்கு உறுதிதான் வேண்டும். ஆயினும் ஒருவர் காணியைத் தொடர்ந்து ஆட்சியில் வைத்திருந்தார் என்பதற்கு நீதிமன்றம் கவனத்தில் எடுக்கும் சான்றுகளில் அதுவும் ஒன்று. பத்து வருட ஆட்சியை வைத்து உரிமை கோர 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் இடங்கொடுக்கும் நாட்டில், அந்தத் துண்டில் யார் பெயர் இருக்கிறது என்பது சின்ன விஷயமல்ல.

ஆகவே வீட்டை வரி ஏட்டில் சேர்ப்பதோடு, பெயர் மாற்றத்துக்கும் விண்ணப்பித்தேன். இரண்டு சீதன உறுதிகளையும் மரண அத்தாட்சிப் பத்திரங்களையும் இணைத்துக் கொடுத்தேன். காணி இன்னும் அம்மாவுடையது என்பதால் அவருடைய பெயரே ஏட்டில் ஏற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இருக்கவில்லை. அம்மம்மாவின் பெயரையும் ஓரிடத்தில் குறிக்க முடியுமா என்று கேட்டேன். தற்போதைய உரிமையாளரை மட்டுமே பதியலாம் என்றார்கள்.

ஜனவரி மாதம் நடுப்பகுதியில் முழு வருடத்துக்கும் கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டை அம்மாவிடம் கொடுத்தேன். அவர் தொகையைப் பார்க்கவில்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பெயர் இருந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

"முதலெழுத்தும் சரியாத்தான் போட்டிருக்கினம்," என்று சொல்லிவிட்டு, 1994ஆம் ஆண்டுத் துண்டுக்கு மேலே அதை வைத்துப் பெட்டியை மூடினார்.