என் நெறியாளரை இருவராக்கிய துணைநூற்பட்டியல்

பாலாற்றுப் படுகையின் வேளாண்மையில் தோல் தொழிற்சாலைகள் ஏற்படுத்திய மாற்றங்களைப் பற்றி வேலூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, என் முதல் கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். ஒன்பதாம் நாள், மதிப்பீட்டாளர் எவர் கைக்கும் போகாமலேயே அது திரும்பி வந்தது. கருத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மேற்கோள்கள் இதழ் கேட்கும் நடையில் இல்லை என்றும், உரையில் சுட்டியவற்றுள் ஏழு சான்றுகள் பட்டியலில் காணப்படவில்லை என்றும் இரண்டே வரிகள் இருந்தன.

அச்செடுத்த பட்டியலோடு நெறியாளரைப் பார்க்கப் போனேன். அவர் பெயர் மு. செல்வம் என்று வைத்துக்கொள்வோம்; மு என்பது அவருடைய தந்தை முனுசாமியைக் குறிக்கும். அவர் எழுதிய இரண்டு கட்டுரைகளை நான் எடுத்தாண்டிருந்தேன். ஒன்று ‘செல்வம், மு.’ என்றும் மற்றொன்று ‘முனுசாமி, செ.’ என்றும் பட்டியலில் வெவ்வேறு பக்கங்களில் கிடந்தன. சற்று நேரம் பார்த்துவிட்டு, “எங்கப்பா கையெழுத்துப் போடக்கூடத் தெரியாதவரும்மா, அவரை ஆராய்ச்சியாளர் ஆக்கிட்டியே” என்றார்.

மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் அமைத்துத் தரும் ஜோட்டெரோ என்ற இலவச மென்பொருளை நான் பயன்படுத்தியிருந்தேன். இன்றும் அதையே பரிந்துரைப்பேன். காற்புள்ளி, சாய்வெழுத்து, அகர வரிசை ஆகியவற்றை அது நம்மைவிடச் செம்மையாகப் பார்த்துக்கொள்ளும். ஆனால் குடும்பப் பெயர் ஒரு பெட்டியிலும் இயற்பெயர் மற்றொரு பெட்டியிலும் இருக்க வேண்டும் என்ற மேலை வழக்கத்தின்மேல் அது கட்டப்பட்டது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துத்தான் உண்டு. ‘மு. செல்வம்’ என்று அச்சானால் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொண்டு தற்செயலாகச் சரியாகப் போடும். ‘செல்வம் மு’ என்றிருந்தால் அந்த ஓரெழுத்தே குடும்பப் பெயராகிவிடும். ‘செல்வம் முனுசாமி’ என்றிருந்தால் தந்தை ஆசிரியராகிவிடுவார். ஆகவே நம் ஊர்க்காரர் எழுதிய எதையும் மென்பொருளில் ஏற்றியவுடன் அந்த இரண்டு பெட்டிகளையும் திறந்து பார்த்துவிடுங்கள். கட்டுரையை வெளியிட்ட இதழே தந்தை பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்திருந்தால், திருத்தப் போகாமல் அதன்படியே விடுவதுதான் என் முடிவு. வாசகர் அந்தக் கட்டுரையைத் தேடிக் கண்டடைய வேண்டும் அல்லவா? ஆனால் உரையில் அவ்விருவரும் ஒருவரே என்பதை அறிந்து எழுத வேண்டும். “செல்வமும் முனுசாமியும் ஒரே முடிவுக்கு வந்துள்ளனர்” என்று நான் எழுதியிருந்தது இன்றும் கூச்சம் தருகிறது.

நடையைப் பொறுத்தவரை, இதழின் ஆசிரியர்க்கான வழிகாட்டுதலை முதலில் படித்துவிட வேண்டும். நான் அனுப்பிய இதழ், அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ஏபிஏ என்னும் மேற்கோள் நடையின் ஏழாம் பதிப்பைக் கேட்டது. நானோ பழைய ஆய்வேடு ஒன்றைப் பார்த்து ஆறாம் பதிப்பின்படி செய்திருந்தேன். ஏழாம் பதிப்பில் நூலுக்குப் பதிப்பகத்தின் ஊர் வேண்டியதில்லை. மூவரும் அதற்கு மேலும் எழுதியதானால் உரையில் முதல் ஆசிரியர் பெயரோடு ‘எட் ஆல்’ (மற்றும் பிறர்) என்று எழுதினால் போதும். பட்டியலிலோ 20 ஆசிரியர்கள் வரை எல்லாப் பெயர்களையும் எழுத வேண்டும். மருத்துவ இதழ்கள் பெரும்பாலும் கேட்கும் வான்கூவர் நடை வேறு வகை. அதில் உரையில் வரும் வரிசைப்படி எண் கொடுக்க வேண்டும். அட்டவணைக்குள் மட்டும் வரும் மேற்கோளுக்கும், அந்த அட்டவணை உரையில் முதலில் சுட்டப்படும் இடத்தைக் கொண்டே எண் அமையும். இதைக் கவனிக்காமல் இறுதியில் எல்லா எண்களையும் மாற்றியவர்களை நான் அறிவேன்.

இதழ்க் கட்டுரைகள் எளியவை. ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் உள்ள டிஓஐ என்னும் அடையாள எண்ணை மென்பொருளில் கொடுத்தால் பெரும்பாலான விவரங்கள் தாமாக வந்துவிடும். தலைப்பு முழுதும் பெரிய எழுத்தில் வந்திருக்கிறதா, பக்க எண்ணுக்குப் பதில் கட்டுரை எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். உண்மையான உழைப்பைக் கேட்பவை பிற சான்றுகளே. பாலாற்று மாசு பற்றி எழுதுவோர் எவரும் தவிர்க்க முடியாத, வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பை, நான் செய்தித்தாளிலிருந்து மேற்கோள் காட்டியிருந்தேன். அது தவறு. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை வெளியிடும் எஸ்சிசி தொகுப்பில் 1996ஆம் ஆண்டின் 5ஆம் தொகுதி, பக்கம் 647 என்று தீர்ப்பையே சுட்ட வேண்டும். அதுபோல வட ஆற்காடு மாவட்டக் கையேட்டை 1881இல் காக்ஸ் தொகுத்தார். பின்னர் ஸ்டூவர்ட் அதைத் திருத்தி வெளியிட்டார். நான் படித்தது ஒன்று, ஆண்டு குறித்தது மற்றொன்று. கையில் பிடித்த பதிப்பையே குறிக்க வேண்டும்.

அரசு அறிக்கைகளில் இன்னொரு சிக்கல் நம் மாவட்டத்துக்கே உரியது. வட ஆற்காடு 1989இல் பிரிந்தது. அதன் ஒரு பகுதி பின்னர் வேலூர் என்று பெயர் பெற்றது. 2019இல் அதிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. இன்று வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருப்பதால், பழைய அறிக்கையை வெளியிட்ட அலுவலகத்தின் பெயரை இன்றைய பெயராக மாற்றிவிடக் கை துடிக்கும். மாற்றாதீர்கள், அட்டையில் உள்ளதே ஆசிரியர் பெயர். விளக்கம் தேவையானால் உரையில் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம்.

உழவர்களிடம் நான் எடுத்த நேர்காணல்களைத் தனிப்பட்ட தொடர்பு என்று மேற்கோளாகக் காட்டியிருந்தேன். ஏபிஏ நடையில் அவை மேற்கோளே அல்ல. நம் ஆய்வில் பங்கேற்றவர்களின் கூற்று நம்முடைய தரவு. அவற்றை நீக்கியதும், பட்டியலில் காணப்படாதவை என்று இதழ் சொன்ன ஏழில் நான்கு தீர்ந்தன. மற்ற மூன்றும், ஒரு கோப்பிலிருந்து மற்றொன்றுக்கு வெட்டி ஒட்டியபோது மென்பொருளோடு இருந்த இணைப்பு அறுந்து வெறும் எழுத்தாகிவிட்டவை. அவற்றைத் திரை காட்டிக்கொடுக்கவில்லை. புதிய பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் எல்லாவற்றையும் அச்செடுத்து, உரையில் ஒன்றைக் காணும்போது பட்டியலில் அதைப் பென்சிலால் அடித்துக்கொண்டே போனபோதுதான் பிடிபட்டன. பட்டியலில் அடிபடாமல் நின்ற இரண்டு, உரையில் எங்கோ நீக்கப்பட்ட பத்திகளின் மிச்சம்.

மறுபடி அனுப்பும்போது இணையப் படிவம் என் குடும்பப் பெயரைக் கேட்டது. இயற்பெயரை அந்தப் பெட்டியிலும் தலைப்பெழுத்தை மற்றதிலும் இட்டேன். ஆய்வாளர்களுக்குத் தனி அடையாள எண் வழங்கும் ஆர்கிட் தளத்தில் பதிந்து பெற்ற 16 இலக்க எண்ணையும் சேர்த்தேன். அன்று முதல் எல்லாக் கட்டுரைகளிலும் அதே வடிவத்தைத்தான் எழுதி வருகிறேன்.