சம்பளமில்லாத டீச்சர் வேலைக்கு நேபாளம் போன கதை

"எந்த ஏஜென்சி வழியாப் போனே?" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. ஏஜென்சி எதுவும் இல்லை. நான் விசாரித்த ஒரு நிறுவனம், கிராமத்துப் பள்ளியில் இரண்டு வாரம் பாடம் நடத்த என்னிடமே டாலர் கணக்கில் கட்டணம் கேட்டது. அவர்கள் அனுப்பிய படிவத்தில் டி-ஷர்ட் அளவைக் கேட்டிருந்தார்கள். எந்தப் பாடம் நடத்தத் தெரியும் என்ற கேள்வி மட்டும் இல்லை. இன்னொரு நிறுவனம் அனாதை இல்லத்தில் சேவை செய்ய அழைத்தது. நேபாளத்தில் இப்படிப்பட்ட இல்லங்கள் பெரும்பாலும் காத்மாண்டு, பொக்காரா, சித்வன் என்று சுற்றுலாக்காரர்கள் குவிகிற இடங்களில்தான் இருக்கின்றன. அங்குள்ள பிள்ளைகள் பலருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருப்பதை யூனிசெஃப் உட்படப் பலரும் சொல்லிவிட்டார்கள். வருகிறவர்களின் காசுக்காகவே மலைக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வந்து வைப்பதும் நடக்கிறது. அதனால், போனால் அரசுப் பள்ளிக்குத்தான் என்று முடிவு செய்தேன்.

பள்ளி கிடைத்தது நாகர்கோவிலில். வடசேரியில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் ஓட்டலின் ஃப்ரைடு ரைஸ் மாஸ்டர் நேபாளி, பால்பா மாவட்டத்துக்காரர். இங்கேயே பல வருஷம் இருந்து அவருடைய தமிழும் நம்ம ஊர்த் தமிழாகிவிட்டது. அவர் மகள் படிக்கிற பள்ளியின் ஹெட் சாருக்கு போன் போட்டு, ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாக எங்களுக்கிடையே மொழிபெயர்த்தார். நான் திருவட்டாறு பக்கம். 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவள். மாலை நேரத்தில் சின்னப் பிள்ளைகளை எழுத்துக் கூட்டி வாசிக்க வைத்த பழக்கம் உண்டு. அதைச் சொன்னதும் ஹெட் சார் உடனே வரச் சொல்லிவிட்டார்.

வீட்டில் அம்மா கேட்டதற்குத்தான் பதில் சொல்ல முடியவில்லை. "மக்ளே, பேச்சிப்பாறைக்கு மேல காணிக்காரப் பிள்ளையளும் இருக்கு. அங்க போய்ச் சொல்லிக் குடுத்தா பத்தாதா? இமயமலைக்கே போவணுமா?" நியாயமான கேள்வி, காணிக்காரர் எங்கள் மாவட்டத்து மலைப் பழங்குடிகள். எனக்கு ஊர் சுற்ற ஆசை, அதோடு இதையும் சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். அதற்குச் சேவை என்று பெயர் வைக்க எனக்குக் கூச்சம்.

ஆவண வேலை நினைத்ததைவிடக் குறைவு. இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம். அங்கே தங்குவதற்கான சலுகை இரு நாடுகளும் 1950-இல் செய்த நட்புறவு ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை போதும். ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது. மற்ற நாட்டுக்காரர்கள் சுற்றுலா விசாவில் போய்ப் பாடம் நடத்துவது சிக்கலான விஷயம், அவர்கள் முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

யாரும் கேட்காமலே நான் எடுத்துக்கொண்டு போனது காவல் துறை நன்னடத்தைச் சான்றிதழ். பாஸ்போர்ட் இணையதளத்தில் விண்ணப்பித்தால் உள்ளூர்க் காவல் நிலையத்திலிருந்து விசாரிப்பார்கள். "சம்பளம் இல்லேங்கிறிய, பின்ன எதுக்கு இந்தச் சர்ட்டிபிகேட்?" என்று ஏட்டையா சிரித்தார். பள்ளியும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர், இங்கிலீஷ் பேசுகிறார் என்பதற்காகவே முன்பின் தெரியாத ஆளைச் சின்னப் பிள்ளைகள் நடுவே விட்டுவிடுகிறார்கள். போய் இறங்கியதும் பள்ளி நிர்வாகக் குழுவிடம் அந்தத் தாளைக் கொடுத்து, கோப்பில் வைக்கச் சொன்னேன்.

பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொச்சுவேளியிலிருந்து (இப்போது திருவனந்தபுரம் வடக்கு என்று பெயர் மாற்றிவிட்டார்கள்) கோரக்பூருக்கு ராப்திசாகர் எக்ஸ்பிரஸ், இரண்டு ராத்திரிக்கு மேல் பிடிக்கும். அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி. எல்லை வளைவை நடந்தே தாண்டலாம். கடிகாரத்தை 15 நிமிஷம் முன்னால் தள்ள வேண்டும். நம்முடைய 100 ரூபாய் அங்கே 160 ரூபாய். நூறு ரூபாய் நோட்டுகளாக வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. பைரஹவா, புட்வல் வழியாக மேலே பால்பா மாவட்டத் தலைநகர் தான்சேன். புட்வல் தாண்டியதும் சித்தபாபா என்கிற இடத்தில் மழைக்காலத்தில் மலையிலிருந்து கல் உருளும், அதனால் மழைக்கு முன்பே திரும்பிவிடுவது என்று திட்டம்.

நான் போனது 2024 ஏப்ரலில். நம் வீட்டில் விஷுக்கனி பார்க்கிற அதே நாளையொட்டி அங்கேயும் புத்தாண்டு, அவர்களுடைய விக்ரம் சம்வத் கணக்கில் பிறந்தது 2081. அதன் முதல் மாதமான பைசாக்கில்தான் பள்ளி ஆண்டும் தொடங்குகிறது. காலை ஒன்பது மணி வாக்கில் பருப்பும் சோறும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை பாதி நாள், சனிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பள்ளி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பழகிய எனக்கு அது கடைசிவரை ஒட்டவே இல்லை.

இந்தியாக்காரி என்றால் ஹிந்தி தெரிந்திருக்கும் என்று ஊரே நினைத்தது. டிவி பார்த்தே பிள்ளைகள் என்னைவிட நன்றாக ஹிந்தி பேசினார்கள். நோட்டில் அவர்கள் எழுதிய தேவநாகரி எண்களைப் படிக்க மூன்றாம் வகுப்புக் குட்டிகள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், தப்பாகச் சொன்னால் வகுப்பே சிரிக்கும்.

எல்லா வகுப்புக்கும் இங்கிலீஷை நானே எடுக்கலாம் என்றார் ஹெட் சார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்தால் அங்கே ஏற்கெனவே இருக்கிற மிஸ் ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருப்பார். நான் கிளம்பிய பிறகு விட்ட இடத்திலிருந்து அவர் தொடங்க வேண்டும். அதனால் முதலில் கொஞ்ச நாள் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். பாடப்புத்தகத்தை எல்லாப் பிள்ளைகளும் ராகம் போட்டுச் சொல்கிறார்கள், ஆனால் புத்தகத்தில் இல்லாத ஒரு வார்த்தையைப் பலகையில் எழுதினால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. இதை நான் நம்ம ஊரிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன். எழுத்துக்கான ஒலி மனதில் பதியவில்லை, பாடம் மொத்தமாக மனப்பாடம் ஆகியிருக்கிறது.

பழைய காலண்டர் அட்டையை வெட்டி எழுத்து அட்டைகள் செய்தோம். மிஸ் நடத்துவார், நான் தடுமாறுகிற பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அட்டை மாற்றி வைப்பேன். ஒலிகளை அடுக்கிப் புது வார்த்தையை வாசிக்கிற சூட்சுமம் பிடிபட்டதும் பிள்ளைகளைவிட மிஸ்ஸுக்குத்தான் உற்சாகம். நான் செய்ததைவிட நல்ல அட்டைகளை நேபாளி வார்த்தைகளுக்கும் அவரே செய்துவிட்டார்.

சாயங்காலம் பெரிய வகுப்புப் பையன்கள் ஹெட் சார் வீட்டுக்கு வருவார்கள். நான் தங்கியிருந்ததும் அங்கேதான். ஸ்போக்கன் இங்கிலீஷ் வேண்டும் என்பார்கள், பையில் இருப்பது கொரிய மொழிப் புத்தகம். கொரியா வேலைக்கான மொழித் தேர்வு எழுதப் போகிறார்களாம். கத்தாரில், மலேசியாவில் அப்பா இல்லாத வீடு அந்த ஊரில் குறைவு. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிப் பழகிய நமக்கு இது விளங்காத சங்கதி இல்லை. பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, வேலை ஒப்பந்தத்தில் வருகிற இங்கிலீஷ் வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தேன்: சம்பளம், பிடித்தம், கூடுதல் நேரம், விடுப்பு. அந்த வகுப்புக்கு யாரும் தாமதமாக வந்ததில்லை.

ஹெட் சார் வீட்டில் காசு வாங்க மறுத்தார்கள், அரிசி மூட்டையும் எண்ணெயும் வாங்கிப் போட்டேன். பிள்ளைகளுக்கு கையில் பேனா, சாக்லேட் என்று எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்தால் அடுத்து வருகிற ஆளின் கையைத்தான் பார்ப்பார்கள். கொண்டு போன சிறு தொகையை நிர்வாகக் குழுவிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன்.

மிஸ் இப்போதும் வாட்ஸப்பில் சந்தேகம் கேட்கிறார். அங்கே அடுத்து வேண்டியது கணக்குக்கு ஆளாம். மார்த்தாண்டத்தில் கணக்கு படித்த தோழி ஒருத்தி போகத் தயாராக இருக்கிறாள்; ஹெட் சார் எண்ணைக் கொடுத்திருக்கிறேன், நன்னடத்தைச் சான்றிதழுக்கும் விண்ணப்பித்துவிட்டாள்.