கச்சான் காலத்து மேசைவிரிப்பு

திருகோணமலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் எவரும் நிலைமின்னியல் பாடத்தைக் கச்சான் வீசும் மாதங்களிலேயே முடித்துவிட விரும்புவார். மேற்கே காய்ந்து கிடக்கும் நிலத்தைக் கடந்து வரும் அந்தக் காற்று உதட்டை வெடிக்கச் செய்தாலும், பொன்னிலை மின்காட்டியின் இலைகளை மணிக்கணக்கில் விரித்து வைத்திருக்கும். வாடை தொடங்கி மழை இறங்கிவிட்டாலோ, எபோனைற்றுக் கோலை எவ்வளவு தேய்த்தாலும் இலைகள் அசைவதில்லை. பிள்ளைகள் கரும்பலகைப் படத்தை நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த ஆண்டு கச்சானில் என் கவனத்தை இழுத்தது மின்காட்டி அன்று, வகுப்பு மேசையில் விரித்திருந்த கண்ணாடி போன்ற மென்பிளாஸ்ரிக் விரிப்பு. கழுவுவதற்காக அதை ஓர் அந்தத்திலிருந்து உரித்தபோது சரசரவென்று சத்தம் கேட்டது. முன்கை மயிர் அத்தனையும் எழுந்து நின்றது. பொதியொன்றிலிருந்து கொட்டியிருந்த ரெஜிபோம் மணிகள் தரையிலிருந்து தாவி அதன் அடியில் ஒட்டிக்கொண்டன. அன்று மாலையே அதை அலுமினியத் தட்டமொன்றின் மேல் விரித்து, அம்மாவின் பழைய நைலோன் சேலைத் துண்டால் தேய்த்தேன். பிளாஸ்ரிக் கோப்பையொன்றைக் கைப்பிடியாக ஒட்டிய எவர்சில்வர் தட்டை அதன்மேல் வைத்து, விரலால் ஒருமுறை தொட்டு, தூக்கி, வீட்டு மின்சாரம் பார்க்கும் ரெஸ்ரரை அதன் விளிம்பில் வைத்தபோது உள்ளிருந்த நியோன் குமிழ் ஒரு கணம் செம்மஞ்சளாய் மின்னியது. மறுபடி வைத்து, தொட்டு, தூக்க, மறுபடியும் மின்னியது. இடையில் நான் தேய்க்கவே இல்லை.

இது புதிதல்ல. 1775 இல் வோல்ற்றா இதே அமைப்பை மக்களிடம் பரப்பி, வற்றாத மின்காவி என்ற பொருள்படப் பெயரும் வைத்தார். வற்றாமைக்குக் காரணம் மாயமன்று: விரிப்பில் தங்கிய மறை ஏற்றம் அங்கேயே இருக்க, அதன் கவர்ச்சிக்கு எதிராகத் தட்டை இழுத்துத் தூக்கும் கைதான் ஒவ்வொரு முறையும் வேலை செய்கிறது. தட்டையும் தட்டத்தையும் ஒரு கம்பியால் இணைத்து, தொடும் விரலுக்குப் பதில் அக்கம்பியில் மின்னைச் செலவிடும் ஒரு சிறு கருவியை வைத்துவிட்டால், 2012 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழினுட்ப நிறுவகத்தில் சொங் லின் வாங்கின் குழு அறிவித்த உராய்வு மின்பிறப்பாக்கியின் கருத்து கிடைத்துவிடுகிறது. அவர்கள் பயன்படுத்தியவை இரண்டு மெல்லிய பல்பகுதிய (பிளாஸ்ரிக்) தாள்களே. இதன் கோட்பாட்டுக்கு நம் நாட்டவரின் பங்கும் உண்டு. பிரித்தானியாவின் சரே பல்கலைக்கழகத்தில் இஷார தர்மசேனவும் ரவி சில்வாவும் சேர்ந்து, தூரத்தோடு மாறும் மின்புலத்தைக் கொண்டு இதை விளக்கும் ஒரு சட்டகத்தை 2017 இல் வெளியிட்டார்கள். வகுப்பில் அப்பெயர்களைச் சொல்லும்போது பின்வரிசையும் நிமிர்ந்து உட்காருகிறது.

என் விரிப்பு பீ.வீ.சீ. என்ற பிளாஸ்ரிக்கால் ஆனது; ஆனால் அது மென்மையானது என்பதுதான் இங்கு விடயம். கலப்பற்ற பீ.வீ.சீ. தண்ணீர்க் குழாயைப் போல விறைப்பானது. 1926 இல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்ற இரசாயனவியலாளர் றப்பரை உலோகத்தில் ஒட்டும் பசையொன்றைத் தேடிப் போய், பீ.வீ.சீ.யைக் கொதிநிலை உயர்ந்த கரைப்பானில் சூடாக்கியபோது, ஆறியபின் துள்ளும் பாகுக்கட்டியொன்று கிடைத்தது. நீண்ட சங்கிலி மூலக்கூறுகளுக்கு இடையில் எண்ணெய் போன்ற சிறு மூலக்கூறுகள் புகுந்து அவற்றை வழுக்கவிடுகின்றன; இந்த எண்ணெயையே மென்மையாக்கி என்கிறோம். மேசைவிரிப்பில் அது அளவாக இருக்கிறது. டைபியூற்றைல் அடிப்பேற்றுப் போன்ற மென்மையாக்கியை, பல்பகுதியத்தின் நிறையைப் போல் பல மடங்கு சேர்த்து, இரண்டையும் ஒரு கரைப்பானில் கரைத்து ஊற்றி, கரைப்பானை ஆவியாகவிட்டால் தட்டில் எஞ்சுவது தொதல் போலக் குலுங்கும் தெளிந்த ஜெல். யப்பானின் சின்சு பல்கலைக்கழகத்தில் தொஷிஹிரோ ஹிராய் இத்தகைய ஜெல்லுக்கு மின்னழுத்தம் கொடுத்து, அது நேர்மின்வாயை நோக்கித் தவழ்வதைக் காட்டினார். செயற்கைத் தசைக்காக ஆராயப்பட்ட அதே பொருளைத்தான் இப்போது உராய்விலிருந்து மின் எடுப்பதற்கும் எடுத்திருக்கிறார்கள்.

ஜெல் ஏன் உதவுகிறது என்பதற்கு முதற்காரணம் நம் அடுக்களையிலேயே உண்டு. கொத்திய அம்மியின் மேல் ஒரு பலகையை வைத்தால் அது மேடுகளில் மட்டுமே தொடும்; குழைத்த கோதுமை மாவை அழுத்தினால் ஒவ்வொரு பொளியும் அதில் பதியும். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் பரப்பும் நுண்ணளவில் கொத்திய அம்மிதான். ஏற்றம் தாவுவது மெய்யாகத் தொடும் இடங்களில் என்பதால், மெத்தென்ற ஜெல்லுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது.

இரண்டாவது காரணம் சற்று நுட்பமானது. ஒரு தாளின் தடிப்பை அதன் மின்னுழைய மாறிலியால் (பொருள் தனக்குள் மின்புலத்தை எத்தனை மடங்கு தணிக்கிறது என்ற எண்) வகுத்து வரும் தொகைதான் கணக்கில் அதன் பயன்படு தடிப்பு. விறைப்பான பீ.வீ.சீ.யின் மாறிலி ஏறத்தாழ 3. ஆகவே 1 மில்லிமீற்றர் தாள் 0.33 மில்லிமீற்றர் காற்றுக்குச் சமம். தாளுக்கு எதிரே உள்ள மின்வாயை 0.1 மில்லிமீற்றர் மட்டும் விலக்கினால் வெளிச்சுற்றில் ஓடுவது பரப்பில் இருக்கும் ஏற்றத்தின் காற்பங்குக்கும் சற்றுக் குறைவு. மென்மையாக்கி மாறிலியை 10 ஆக உயர்த்திவிட்டதாகக் கொண்டால், அதே விலகலுக்குப் பாதி ஏற்றம் ஓடிவிடும். ஆனால் ஒரு சாண் தூக்கினால் இரண்டிலும் ஏறக்குறைய முழு ஏற்றமும் ஓடுகிறது, வேறுபாடு மறைகிறது. ஜெல்லின் உயர்ந்த மாறிலி பெரிய அசைவுக்கு உரிய இலாபமன்று, நாடித்துடிப்பும் மூச்சும் விரலழுத்தமும் போன்ற மிகச் சிறிய அசைவுகளுக்கு உரியது என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பொருள்.

இதனால்தான் ‘நடந்தால் வீட்டுக்கு வெளிச்சம்’ என்ற வகைத் தலைப்புகள் எனக்கு எரிச்சலூட்டுகின்றன. ஒரு தட்டலுக்கு 100 நனோகூலோம் ஏற்றம் கிடைப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 1 மைக்குரோபரட் கொள்ளளவியை 10 வோல்ற்றுக்கு ஏற்ற 100 தட்டல்கள் வேண்டும். அப்போது சேர்ந்திருப்பது 50 மைக்குரோயூல். 40 மில்லிவாற்று இழுக்கும் சாதாரண எல்.ஈ.டி. ஒன்றை அது ஒரு மில்லிசெக்கனை ஒட்டிய நேரத்துக்கே எரிக்கும். சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின் திட்டம் பேசப்படும் மாவட்டத்தில் இதை மின்னுற்பத்தி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நூற்றுக்கணக்கில் வோல்ற்று வருவது உண்மை, ஓட்டம் மைக்குரோ அம்பியரில் நிற்பதும் உண்மை. நியோன் குமிழ் மின்னும்போது கைபேசி மின்னேறாதது அதனால்தான். தானே தன் சைகையை எழுப்பிக்கொள்ளும், மின்கலம் வேண்டாத உணரி என்று சொன்னால் அது நேர்மையான பெயர்.

மென்மையாக்கிக்கு ஒரு விலையும் உண்டு, அதை என் மாணவர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். விடுமுறையில் பெட்டிக்குள் அழிறப்பரும் பிளாஸ்ரிக் அடிமட்டமும் ஒட்டிக் கிடந்தால், திரும்பத் திறக்கும்போது அடிமட்டம் உருகியது போல் குழிந்திருக்கும். வெள்ளை அழிறப்பர்கள் பல மென்மையாக்கிய பீ.வீ.சீ.; அதிலிருந்து கசிந்த எண்ணெய் அடிமட்டத்தைக் கரைத்துவிட்டது. எண்ணெய் கட்டப்பட்டிருக்கவில்லை, இடையில் தங்கியிருக்கிறது, அவ்வளவே. இவற்றில் சில உடலுக்கு ஆகாதவை என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2005 இல், தலேற்று எனும் வகை மென்மையாக்கிகளில் மூன்று, விளையாட்டுப் பொருட்களில் 0.1 சதவீதத்தை மீறக்கூடாதென்று சட்டமாக்கியது. தோலில் ஒட்டப்போகும் உணரிக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. மென்மையாக்கி மிகுந்தால் பரப்பும் பிசுபிசுத்துவிடும்; ஒட்டிய பரப்பு விலக மறுக்கும்; ஏற்றமும் உள்வழியே கசியும்.

அடுத்தது உப்புக்காற்று. பரப்பில் படியும் ஈரப்படலம் ஏற்றத்தைத் தரைக்கு வழிநடத்திவிடும், அதில் உப்பும் கரைந்திருந்தால் இன்னும் விரைவாக. வாடை பிடித்த முதற்கிழமையில் அதே விரிப்பு, அதே சேலை, அதே ரெஸ்ரர். குமிழ் இருண்டே கிடந்தது. விரிப்பில் ஒரு துண்டை வெட்டி வெயிலில் காய்ந்த நைலோன் துண்டோடு இரு அலுமினியத் தாள்களுக்கு இடையில் வைத்து, புதுச் சப்பாத்துப் பெட்டியில் கிடைத்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் போட்டு, பொலித்தீன் உறையில் மெழுகுதிரிச் சுவாலையால் மூடினேன். வெளியே மழை கொட்ட, உறையை உள்ளங்கையால் அறைந்தபோது குமிழ் மங்கலாக மின்னியது. அது பதினொரு நாள் தாங்கியது. பன்னிரண்டாம் நாள் பிரித்துப் பார்த்தேன், உள்ளே ஈரமில்லை. நைலோன் துண்டு விரிப்பைத் தொட்ட இடமெல்லாம், பலகாரம் பொதிந்த கடதாசியைப் போல, எண்ணெய் ஊறி ஒளி ஊடுருவும்படி இருந்தது.