பக்கத்துக்கு ஒரு பாட்டில்

ஒற்றை பாட்டில் தண்ணீர் ராக்கெட் ஒழுங்காகப் பறக்க ஆரம்பித்ததும் நான் சும்மா இருந்திருக்கலாம். பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, தலைகீழாக நிறுத்தி, பம்பால் காற்றடைத்து விடுவித்தால், தண்ணீர் கீழே பீய்ச்ச, பாட்டில் மேலே பறக்கும், அவ்வளவுதான். திருவொற்றியூரில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால், ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் வடக்கே ஒரு பொறியாக ஏறுவது தெரியும். அதைப் பார்த்துப் பார்த்தே நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று பாட்டிலைக் கட்டி விடும் ஆசை வந்துவிட்டது. வெடிமருந்து அடைத்த மோட்டார் பக்கம் போவதில்லை என்பதில் மட்டும் தெளிவாக இருந்தேன். தீபாவளிக்கு லட்சுமி வெடியையே நீளமான ஊதுவத்தியால் எட்டி நின்று கொளுத்துகிற ஆள் நான்.

நடுவில் 2 லிட்டர் குளிர்பான பாட்டில், பக்கங்களில் 750 மில்லி. மூன்றும் கேஸ் அடைத்து விற்கிற பாட்டில்கள்தான். சாதாரண குடிதண்ணீர் பாட்டில் அழுத்தம் தாங்காது. பாட்டில் சின்னதோ பெரிதோ, வாய் ஒரே அளவுதான், உள்விட்டம் 22 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. செம்புதாஸ் தெருவில் வாங்கிய அரை இன்ச் யுபிவிசி பிளாஸ்டிக் பைப் அதில் கச்சிதமாக நுழைகிறது. வாயும் ஒன்று, காற்றழுத்தமும் ஒன்று என்றால் ஆரம்பத் தள்ளுவிசையும் ஒன்றுதான். எது எவ்வளவு நேரம் தள்ளும் என்பதைத் தண்ணீர் தீர்மானிக்கும். நடுவில் 650 மில்லி, பக்கத்துக்கு 250. ஆக, பக்கத்துப் பாட்டில்கள் முதலில் தீர்ந்து கழன்று விழ வேண்டும். இஸ்ரோவின் ஜிஎஸ்எல்வி ராக்கெட்டில் இது தலைகீழ்: நடுவிலுள்ள திட எரிபொருள் முதலில் தீர்ந்துவிடும், பக்கத்து நான்கு திரவ எஞ்சின்களும் அதற்குப் பிறகும் 50 விநாடி போல எரிந்து, தீர்ந்துபோன நடுக்கூட்டையும் தூக்கிக்கொண்டு போகும்.

கழலுவதற்கு ஆணியோ ஸ்பிரிங்கோ வேண்டியிருக்கவில்லை. நடுப்பாட்டிலின் இரு பக்கமும் தலைகீழ்ச் சட்டைப்பை மாதிரி ஒரு பைப் துண்டு ஒட்டினேன். பக்கத்துப் பாட்டிலின் கொக்கி கீழிருந்து அதற்குள் நுழையும். தள்ளும்வரை பிடித்திருக்கும், தண்ணீர் தீர்ந்தால் காலி பாட்டில் காற்றில் பின்தங்கி, தானே நழுவிவிடும். ஃப்ளூட் போர்டு என்கிற நெளி பிளாஸ்டிக் அட்டையில் இறக்கை, மூக்கில் பாதி டென்னிஸ் பந்து எல்லாம் ஒரே மாலையில் முடிந்தன.

வதைத்தது ஏவுமேடை. மூன்று பாட்டிலுக்கும் ஒரே அழுத்தம் வேண்டும் என்று டீ, எல்போ இணைப்புகள் போட்டு மூன்று குழாய்களையும் ஒன்றாக இணைத்து, சைக்கிள் பம்புக்கு ஒரு டியூப் வால்வு வைத்தேன். பம்ப் அடித்தால் ஒரு பாட்டில் நிறைகிறது, இன்னொன்று காலியாகிறது. குழாய் கழுத்தளவே இருந்ததால் தண்ணீர் இறங்கி, கூட்டுக்குடும்பச் சொத்து மாதிரி கண்டபடி கைமாறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குழாயையும் நீர்மட்டத்துக்கு மேலே வரும்படி நீட்டியதும் தகராறு தீர்ந்தது.

அடுத்தது விடுவிப்பது. 60 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் ஒவ்வொரு பாட்டிலும் ஏறக்குறைய 16 கிலோ பலத்தோடு மேலே துள்ளப் பார்க்கும். கழுத்து வளையத்தைக் கேபிள் டை தலைகள் கவ்வியிருக்கின்றன. அவற்றை இறுக்கும் வளையத்தைக் கீழே இழுத்தால் பிடி விடும். மூன்று வளையத்தையும் ஒரே பிளைவுட் தட்டில் பொருத்தி, தட்டை ஒரு கயிற்றால் இழுத்தேன்.

மைதானத்தில் காலை ஆறு மணிக்கு முதல் முயற்சி. தட்டு சாய்ந்தது. இடது பாட்டில் மட்டும் தனியாகக் கிளம்பிப் பக்கத்துத் தென்னையில் மோதியது. அது போன குழாய் திறந்துகிடந்ததால் மற்ற இரண்டின் காற்றும் அந்த வழியாகவே உஸ்ஸென்று வெளியேறிவிட்டது. நடுப்பாட்டில் தண்ணீர் குறையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. 1987 மார்ச் 24 அன்று இஸ்ரோவின் ஏஎஸ்எல்வி ராக்கெட்டின் முதல் பயணத்தில் பக்கத்து மோட்டார் இரண்டும் ஒழுங்காக எரிந்து முடிந்தன, நடு மோட்டார் பற்றவேயில்லை, ராக்கெட் கடலில் விழுந்தது. அவர்களுக்கே அப்படி என்று சொல்லிக்கொண்டேன். அக்கா பையன் சிரித்தான். "மாமா, அவங்களது மேலயாவது போச்சு."

வழி சொன்னது தெருமுனை சைக்கிள் கடைக்காரர். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு ஓரமா இழுத்தா சாயத்தானே சார் செய்யும்? பிரேக் கட்டை ரெண்டையும் ஒரே ஒயர்ல நடுவுல இருந்து இழுக்கறோம் இல்ல, அது மாதிரி போடுங்க" என்றார். பழைய பிரேக் ஒயர் ஒன்றை அவரே தட்டின் இரு ஓரத்திலும் மாட்டி, நடுவில் ஒரு வளையம் கோத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பறக்கும்போது கூப்பிடச் சொன்னார்.

போன ஞாயிறு கூப்பிட்டேன். கயிற்றை எட்டு மீட்டர் தள்ளி நின்று இழுத்தோம். மூன்றும் சேர்ந்து கிளம்பின. கண் சிமிட்டுவதற்குள் வெள்ளைப் புகை மாதிரி நீர்த்தூசி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பாட்டில் உருண்டு விழுந்தன, நடுவில் உள்ளது தென்னையைத் தாண்டிப் போய்விட்டது, ஆனால் லேசாக மேற்கே சாய்ந்துகொண்டே.

ஃபோனில் விநாடிக்கு 240 ஃப்ரேம் வேகத்தில் எடுத்த வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். வலது பாட்டில் கழன்ற பிறகு இடது இரண்டு ஃப்ரேம் கழித்துத்தான் நழுவுகிறது. கொக்கியில் வழிந்து காய்ந்த எம்-சீல் பசைத் திரட்டு ஒன்று இருந்தது. அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டேன். இறங்கும்போது மூக்கு நசுங்கியதால் டென்னிஸ் பந்தின் மறுபாதியை இப்போதுதான் ஒட்டி வைத்திருக்கிறேன், காயட்டும்.